தும்மல் போன தூரம்

தேன்மொழி தும்மியது ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. அந்தத் தும்மல் எவ்வளவு தூரம் போனது என்று முடிவு கட்டத் தும்பைக்காட்டு ஊருக்கு ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் காயப்போட்ட மிளகு காயப்போட்டபடியே கிடந்தது. குச்சிக்கிழங்கு பிடுங்க ஆள் கூப்பிட்டால் யாரும் வரவில்லை.

கொல்லிமலையில் சில ஊர் சேர்ந்தது ஒரு நாடு; தும்பைக்காடு வளப்பூர் நாட்டைச் சேர்ந்த ஊர். ஐம்பத்து மூன்று வீடு. அங்கே தும்மலுக்குச் சட்டம் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ஒற்றைத் தும்மல் ஆகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, போகிற இடத்துக்குப் போய்விடுகிறார்கள். தும்பைக்காட்டார் ஒரு விஷயத்தை அப்படி அரைகுறையாக விடுகிறவர்கள் இல்லை. கல்யாணப் பேச்சு முடிந்து வெற்றிலை பாக்கு மாற்றிய தட்டு ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அதன்மேல் ஒற்றைத் தும்மல் பட்டால், அந்தச் சம்பந்தம் முறிந்தது. கட்டாயம் படவேண்டும், காதில் விழுந்தால் மட்டும் போதாது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று தும்மினால் செல்லாது. சாத்திய கதவுக்குப் பின்னால் தும்மினால் செல்லாது. இரண்டாகத் தும்மினால் விசேஷம். ஆடு தும்மினால் கணக்கில்லை, ஆனால் அது யாருடைய ஆடு என்று விசாரிப்பார்கள்.

ராசப்பன் மகள் தேன்மொழிக்கு இருபத்தைந்து வயது. அவள் தும்மினால் ஒன்றோடு நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இருட்டான வீட்டுக்குள்ளிருந்து சட்டென்று வெயிலுக்கு வந்தால் மூக்குக்குள் ஒரு குறுகுறுப்பு, அப்புறம் ஒரு தும்மல். சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலைக்கு அவள் சேர்ந்த பிறகு, அங்கே சுகாதார ஆய்வாளராக இருந்த ஆல்பர்ட் இதற்கு விளக்கம் சொன்னார். கண்ணுக்கான நரம்பும் மூக்குக்கான நரம்பும் அக்கம்பக்கத்தில் ஓடுகின்றன, கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் மூக்கும் தன்னைத்தான் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறது என்று சொல்கிறார்கள், நாலைந்து பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும், பெற்றவர்களிடமிருந்து வருகிற சமாச்சாரம் என்றார். யாரிடமிருந்து வந்தது என்று தேன்மொழி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ராசப்பன் தினமும் காலையில் மண்வெட்டியோடு வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, தும்முவார். ஆனால் அவருக்கு இரண்டாக வரும். அதனால் ஊரில் அவரை ராசிக்காரர் என்பார்கள்.

இதற்கு முன் தேன்மொழிக்கு வந்த இரண்டு சம்பந்தம் தும்மலில் போயிருந்தன. முதல் தடவை தற்செயல். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வாசலில் இறங்கும்போது அவளும் வெளியே வந்தாள், வெயில் முகத்தில் அடித்தது, தும்மினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டைத் துடைத்தார், பிறகு கையைத் துடைத்தார், பிறகு கிளம்பிப் போய்விட்டார். ஊரே உச்சுக் கொட்டியது. தேன்மொழிக்கு மட்டும் ஒரு விஷயம் விளங்கியது. அந்த ஊரில் கல்யாணத்துக்குப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிற வழக்கம் இல்லை. அவள் தும்மலைக் கேட்பார்கள். இரண்டாவது தடவை அவள் நேரம் பார்த்துத்தான் வெளியே வந்தாள்.

வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ராசப்பனைத் தெரியாது. கொடுமைக்கார அப்பா என்றால் எதிர்த்துப் பேசிவிடலாம். ராசப்பன் மகளை ஒரு அதட்டு அதட்டியதில்லை. போனில் வந்த செய்தி என்ன சொல்கிறது, எந்தக் கடையில் விதை வாங்கலாம், காலில் வந்த புண்ணுக்கு எந்த மருந்து போடலாம், எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்பார். கல்யாணத்தை மட்டும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்து விட்டதில்லை. அது கேட்கிற சங்கதி என்றே அவருக்குத் தோன்றவில்லை. சந்தையில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூட, எம் பொண்ணு எம் பேச்சைத் தட்டுனதே இல்லீங்க என்று சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். ஒவ்வொரு தடவை அவர் சொல்லும்போதும் தேன்மொழியின் வாய்க்கு ஒரு பூட்டு விழுந்தது. அப்பாவின்மேல் அவளுக்கு உயிர். அந்த முகம் சுருங்குவதைப் பார்ப்பதைவிடத் தும்முவது லேசாக இருந்தது.

மூன்றாவதாக வந்தவன் திருப்புலி நாட்டு முரளி. அவன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்துச் சேந்தமங்கலத்துக்கு வாழைத்தார் ஏற்றிப் போகிறவன், அதிகம் பேசாதவன். ஆனால் தேன்மொழிக்குச் சேலத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இரண்டு வருஷ நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வந்து சேரவேண்டும் என்று போட்டிருந்தது. எட்டு மாதம் ராத்தூக்கத்தைக் கெடுத்துப் படித்து வாங்கிய இடம். முரளியின் அப்பா அதைக் கேள்விப்பட்டுப் பெருந்தன்மையாகச் சிரித்து, எங்கள் வீட்டில் வந்து சேர்ந்தபிறகு ஊசி போட்டுப் பிழைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை என்றார். ராசப்பனும் அதை நல்ல வார்த்தையாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார். கல்யாணம் அதே மாதம் பத்தாம் தேதி என்று பேசினார்கள். அந்தக் கடிதம் தேன்மொழியின் துணிப்பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். சாப்பாடு முடிந்து தட்டு மாற்றும் நேரம் வரை உள்ளேயே இருந்தாள். பிறகு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். சூரியனைக் காணோம். மத்தியானம் ஏறிய மஞ்சுமூட்டம் மலையை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. தட்டு தாய்மாமன் சின்னராசு கையிலிருந்து மாப்பிள்ளை கைக்கு மாறியது. முரளி தட்டோடு ஜீப்பின் பின்பக்கம் ஏறி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டான். தேன்மொழி அண்ணாந்தே நின்றாள். வழியனுப்பும்போது கண்ணீர் வராமலிருக்க அப்படி நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்து அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டிரைவர் சதீஷ்குமார் வண்டியைக் கிளப்பினான். ஜீப் பலாமரத்தடியை எட்டியபோது மஞ்சு விலகி வெயில் விழுந்தது. தேன்மொழி தும்மினாள். அம்மா சென்னம்மாள் பழக்கதோஷத்தில் நூறு என்று வாழ்த்தினாள்.

உடனே சின்னராசு கையைத் தட்டி ஜீப்பை நிறுத்தினார். தும்மல் தட்டின்மேல் பட்டுவிட்டது என்றார். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த முரளியின் அப்பா படவில்லை என்றார். சின்னராசு சட்டம் தெரிந்தவர், நியாயஸ்தர். பந்தியில் தாய்மாமனுக்கு முதல் இலை போடாமல் விட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவரே மூன்று தடவை சொன்னார். விவகாரம் ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியிடம் போனது. அவர் தட்டை வாங்கித் தன் வீட்டுப் பரண்மேல் வைத்தார். தீர்ப்பு வரும்வரை தட்டு யாருக்கும் சொந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் வாசலிலேயே ஊர் கூடியது. தேன்மொழி நின்ற இடத்திலிருந்து பலாமரம் வரை டேப் பிடித்து அளந்தார்கள். முப்பத்திரண்டு அடி. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை அளந்தார்கள், முப்பத்திரண்டு அடிதான். அர்த்தனாரி தன் காலால் அளந்து பார்த்து, டேப் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அப்புறம் சின்னராசு எழுந்து, சுகாதார நிலையத்துச் சுவரில் ஆல்பர்ட் சார் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கும் சார்ட்டைப் பற்றிச் சொன்னார். தும்மல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, வாயை மூடித் தும்மவும் என்று அதில் இருந்தது. சளிக்கு மாத்திரை வாங்கப் போனபோது அந்தச் சார்ட்டுக்கு முன்னால் வாயை மூடாமல் தும்மி ஆல்பர்ட்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் சின்னராசு, எண் மறக்குமா. ஜீப் என்ன வேகத்தில் போனது என்று சதீஷ்குமாரைக் கேட்டார்கள். அவன் நாற்பது என்றான். அந்த ரோட்டில் நாற்பதில் போனால் ஜீப் போகும், உட்கார்ந்திருப்பவர்கள் இங்கேயே இருப்பார்கள் என்று அர்த்தனாரி சொன்னார். பேசிப் பேசி அவனைப் பன்னிரண்டுக்கு இறக்கினார்கள். நூற்றறுபது பன்னிரண்டைத் துரத்தினால் பிடிக்குமா பிடிக்காதா என்பதற்குப் படிப்புத் தேவையில்லை. முரளியின் அப்பா முகம் தொங்கிவிட்டது. இருந்தாலும் பதில் வாதம் கொண்டுவர ஒரு வாரம் தவணை கேட்டார், அர்த்தனாரி கொடுத்தார்.

தேன்மொழி அடுத்த மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டாள். கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்து மடித்து வைத்தாள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில் வெள்ளைச் செருப்பு என்று இருந்தது. மலையில் வெள்ளைச் செருப்புக்கு எங்கே போவது, சேலத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள்.

புதன்கிழமை ஆல்பர்ட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், ஆறு வருஷமாக மலையில் இருக்கிறார். நல்ல மனிதர், அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு. ஒரு பெண்ணின் வாழ்க்கையை மூடநம்பிக்கை கெடுக்கிறது, அதுவும் தான் எழுதிய சார்ட்டை வைத்துக்கொண்டே கெடுக்கிறது என்று கேட்டபோது அவருக்கு ரத்தம் கொதித்தது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தார். சாயங்காலம் தேன்மொழியின் மேஜைக்கு வந்தார். நூற்றறுபது என்பது பழைய காலத்தில் யாரோ உத்தேசமாகச் சொன்னது, அதையே எல்லோரும் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம், பிற்பாடு ஆட்களைத் தும்மவைத்துக் கேமரா வைத்து அளந்தபோது நொடிக்கு நாலரை மீட்டர்தான் வந்திருக்கிறது, மணிக்குப் பதினாறு கிலோமீட்டர், சைக்கிள் வேகம் என்றார். பிறகு ஸ்டூலில் ஏறி, ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, சார்ட்டில் இருந்த 160-ல் கடைசிச் சைபரை அடித்தார்.

இறங்கியபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு சைபர் உன் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தது தேன்மொழி, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பேசுகிறேன் என்றார். தேன்மொழி அவசரமாக எழுந்தாள். பழைய எண்ணே இருக்கட்டும் சார், அதைப் பார்த்துப் பயந்துதான் ஜனங்கள் வாயை மூடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். உன் கஷ்டத்திலும் ஊர் ஆரோக்கியத்தை நினைக்கிறாயே என்று அவர் இன்னும் உருகினார். ரொம்ப நன்றி சார் என்றாள்.

ஆல்பர்ட் சொன்னதைச் செய்தார். ஞாயிறு காலை சேந்தமங்கலத்தில் சர்ச்சுக்குப் போய்விட்டு, மத்தியான பஸ்ஸில் மலையேறி வந்து, மூன்றரை மணிக்கு ராசப்பன் வாசலில் சார்ட்டோடு நின்றார். அடித்த சைபரைச் சபைக்குக் காட்டினார்.

சின்னராசு லேசில் விடுகிற ஆளா. போன வாரம் நூற்றறுபது, இந்த வாரம் பதினாறு என்றால் அடுத்த வாரம் எவ்வளவு என்று கேட்டார். அறிவியல் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் என்று ஆல்பர்ட் பெருமையாகச் சொன்னார். ஆக தப்பு நடந்ததை ஒத்துக்கொள்கிறார் என்று சபை அதை எடுத்துக்கொண்டது. பதினாறு என்றே வைத்துக்கொள்வோம், ஜீப் பன்னிரண்டு, பதினாறு பெரிதா பன்னிரண்டு பெரிதா என்று சின்னராசு அடுத்த கேள்வியைப் போட்டார். சபையில் சலசலப்பு எழுந்தது. தேன்மொழிக்கு மூச்சு வந்தது. தாய்மாமனை இந்த அளவுக்கு அவள் என்றைக்கும் நேசித்ததில்லை.

ஆல்பர்ட் விடவில்லை. கிளம்பும்போதுதான் பதினாறு, போகப்போகக் குறைந்துவிடும், பெரிய துளியெல்லாம் ஆறடிக்குள் மண்ணில் விழுந்துவிடும், புகை மாதிரி மிதந்து போவதுகூட மிஞ்சிப் போனால் இருபத்தாறு அடி, இங்கேயோ முப்பத்திரண்டு என்றார்.

"எங்க வம்சத்து மூக்குங்க அது. ஆறடி சேத்தியே போகும்" என்றார் சின்னராசு.

அர்த்தனாரி கையை உயர்த்தினார். வாய்ப்பேச்சு போதும், பரண்மேல் இருக்கும் தட்டைக் கொண்டுவந்து அதில் திருநீறு பரப்புவோம், ஜீப் பலாமரத்தடியில் நிற்கட்டும், மாப்பிள்ளை அன்றைக்கு மாதிரியே தட்டோடு உட்காரட்டும், தேன்மொழி அன்றைக்கு நின்ற இடத்தில் நின்று தும்மட்டும், நிற்கிற ஜீப்பையே எட்டாத தும்மல் ஓடுகிற ஜீப்பை எட்டியிருக்காது, திருநீற்றில் ஒரு பொட்டு ஈரம் விழுந்தாலும் சம்பந்தம் முறிந்தது, விழாவிட்டால் பத்தாம் தேதி கல்யாணம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆல்பர்ட் அசந்துபோனார். தன் துறையில் இவ்வளவு சுத்தமாக யாரும் ஒரு பரிசோதனையை யோசித்து அவர் பார்த்ததில்லை.

ஜீப் வந்து நின்றது. முரளி மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு மாதிரியே தலையைக் குனிந்துகொண்டான்.

தேன்மொழியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தும்மு கண்ணு என்றார் அர்த்தனாரி. தும்மு என்றால் வருமா என்று சென்னம்மாள் உள்ளே போய் மிளகுப்பொடி கொண்டுவந்து அவள் மூக்கருகே பிடித்தாள். பிறந்ததிலிருந்து மிளகுக் காட்டில் வளர்ந்த மூக்கு அது, கொஞ்சமும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற சின்னராசு ஆறு தடவை தும்மினார். ஆறையும் கணக்கில் சேர்க்கவில்லை.

முப்பத்திரண்டு அடி. தேன்மொழி அந்தத் தூரத்தைப் பார்த்தாள். இருபத்தாறு என்பது யாரோ ஆட்களைத் தும்மவைத்து அளந்த கணக்கு, அவர்கள் யாருக்கும் பத்தாம் தேதி கல்யாணம் இருந்திருக்காது என்று நினைத்தாள். உயிரைக் கொடுத்துத் தும்மினால் போகும். ஒரு பொட்டு போதும். பலாமரத்துக்கு மேலே சூரியன் சாய்ந்து நின்றது. இன்றைக்கு மஞ்சு இல்லை. அவள் முகத்தை மெல்ல உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, வெளிச்சத்தைத் தேடிப் பிடித்தாள். வாய் லேசாகத் திறந்தது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள்.

அப்படி ஒரு தும்மலை அந்த ஊர் கேட்டதில்லை. இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின. கூரையிலிருந்து புறா பறந்தது. சென்னம்மாள் நூறு என்றாள்.

அர்த்தனாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்திரண்டு அடியும் நடந்து போனார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பின்னாலேயே சின்னராசு, முரளியின் அப்பா, ஆல்பர்ட் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சதீஷ்குமார் குனிந்து பார்த்தபோது அவன் நெற்றி வேர்வை ஒரு சொட்டு விழுந்தது. அது டிரைவருடையது என்று எல்லோரும் ஒருமனதாக ஒதுக்கிவைத்தார்கள். மற்றபடி திருநீறு பரப்பியது பரப்பியபடி இருந்தது. படவில்லை, சம்பந்தம் நிற்கிறது என்று அர்த்தனாரி அங்கிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். முரளியின் அப்பா ஆல்பர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆல்பர்ட் தேன்மொழியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அப்போதே பூவை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்துவிட்டார்கள்.

தேன்மொழி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளால் ஆனதை முழுசாகச் செய்துவிட்டாள். அது ஆறடி போதவில்லை.

எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்க்காதவர் ஒருவர் இருந்தார். ராசப்பன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் மெல்ல உயர்ந்ததையும், பாதி மூடிய கண் வெளிச்சத்தைத் தேடியதையும், வாய் திறந்து காத்திருந்ததையும் பார்த்தார். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அவர் அதை ஐம்பது வருஷமாகத் தினமும் காலையில் செய்துகொண்டிருக்கிறார். தும்மல் அவளுக்கு வரவில்லை, அவள் போய் அதை எடுத்துவந்தாள் என்று அந்தச் சபையில் அவருக்கு ஒருவருக்குத்தான் தெரிந்தது.

அவர் எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார். பூவோடு வந்த பெண்கள் விலகி நின்றார்கள்.

"கண்ணு, அன்னைக்கும் இப்படி மேல பாத்துத்தான் தும்முனியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்ப அவருக்கு அவ்வளவு ஆசை இருந்தது முகத்திலேயே தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா இந்த விஷயத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அதற்குப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்கப்பா."

"எதுக்கு சாமி?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கப்பா. சேலத்துக்குப் போய்ப் படிக்கோணும். உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியலீங்க. அதான் தும்முனேன்."

அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகத்தான் சொன்னாள். ராசப்பன் முகம் அவள் பயந்த மாதிரியே சுருங்கியது. அவள் அதைக் கடைசிவரை பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்களுக்குச் சரியாக விளங்கவில்லை. சின்னராசு என்ன என்ன என்று இரண்டு பக்கமும் கேட்டார். அர்த்தனாரி காதைக் கையால் குவித்துக்கொண்டு, பிள்ளை என்னமோ சொல்லுதே என்றார்.

பலாமரத்தடியில் முரளி ஜீப்பிலிருந்து இறங்கினான். தட்டைக் கவனமாக ஏந்திக்கொண்டு நடந்து வந்தான். இத்தனை நாளில் அவன் தலை நிமிர்ந்து அந்த ஊர் பார்த்தது அப்போதுதான்.

"வேண்டாங்கறாங்க" என்றான்.

அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும் என்று அவன் அப்பா சண்டைக்கு வந்தார். கேட்டது என்றான் முரளி. தட்டை ராசப்பனிடம் நீட்டினான்.

ராசப்பன் அதை உடனே வாங்கவில்லை. எம் பொண்ணு எம் பேச்சைத் தட்டுனதே இல்லீங்க என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது என்பது அவருக்கு அந்தக் கணத்தில் உறைத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கி, சென்னம்மாளிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். மகள் பக்கம் திரும்பினார்.

"சேலத்துக்கு எத்தனாந் தேதி போகோணும்?"

"பதினஞ்சாந் தேதிங்கப்பா."

"நானும் வாரேன்" என்றார்.